காகித உதடு

பதினான்கு அடி அலுமினியப் படகில்
கோபித்துக்கொண்டு எழுந்து போக இடமில்லை.
அதை யோசித்துத்தான் இருவரையும் அழைத்தேன்,
ஒருவன் வருவதை மற்றவனிடம் சொல்லாமல்.

கரையில் டிவிட் நிற்பதைப் பார்த்ததும்
வெர்லன் சட்டைப்பையிலிருந்த வண்டிச் சாவியை
ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.
ஆனால் டாக்வுட் பூத்திருந்தது,
தண்ணீர் அறுபது டிகிரிக்கு வந்திருந்தது.
ஏப்ரலில் இப்படியொரு சனிக்கிழமையைப்
பகைக்கு விட்டுக்கொடுப்பவன்
டென்னசியின் இந்த மூலையில் இன்னும் பிறக்கவில்லை.
ஏறினான்.

நிலம் நடுங்கிக் காடு இறங்கி உண்டான ஏரி இது.
சைப்ரஸ் அடிக்கட்டைகள்
இருநூறு வருடமாகத் தண்ணீருக்குள் நிற்கின்றன.
கவனிக்காமல் ஓட்டினால் படகின் வயிற்றைக் கிழிக்கும்.
கிராப்பி மீன்
அந்தக் கட்டைகளைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

விஷயம் ஒரு பழைய பிக்கப் வண்டி.
டிவிட் விற்றான், வெர்லன் வாங்கினான்,
பத்தொன்பதாம் நாள் கியர்பாக்ஸ் போனது.
கொடுக்கும்போது நன்றாக இருந்தது என்றான் இவன்.
உனக்குத் தெரியும் என்றான் அவன்.
பிறகு இரண்டு வருடம்,
ஒரே தேவாலயம், ஒரே முடிதிருத்தும் கடை,
ஒரு சொல் இல்லை.

"மேலீன், அந்த வாளியைக் கேள்."
இரைமீன் வாளி
டிவிட்டின் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.
"மேலீன், அவன் நரம்பு என் நரம்பில் சிக்கப்போகிறது, சொல்."
சொன்னேன்.
வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்,
பின்சீட்டு வழக்குகள் எனக்குப் புதிதல்ல.

கிராப்பி வெட்டி இழுக்காது.
சில நேரம் தக்கை மூழ்கக்கூட மூழ்காது,
லேசாகச் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிடும்
தூக்கம் வந்த பிள்ளை மாதிரி.
அப்போது மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும்.
அதன் உதடு காகிதம்.
ஆத்திரத்தில் சுண்டினால்
தூண்டில் முள்ளில் துளி தோல் மிஞ்சும்.

ஒன்பது மணிக்கு வெர்லனின் தக்கை படுத்தது.
தூக்கினான்.
கோல் வளைந்தது, வளைந்துகொண்டே போனது.
பழுப்புத் தண்ணீரில் ஒரு வெள்ளிப் பக்கம் புரண்டது,
சாப்பாட்டுத் தட்டு அகலம்.
வலை டிவிட்டின் காலடியில்.

வெர்லன் என்னைப் பார்த்தான்.
நான் இருமினேன்.
ஒரு நாரையைப் பார்க்கத் தொடங்கினேன்.

"வலை," என்றான், காற்றிடம்.
மீன் கட்டைப் பக்கம் திரும்பியது.
"வலை, டிவிட், வலை!"

டிவிட் பாய்ந்தான்.
வலையின் விளிம்பு நரம்பில் மோதியது.
மீன் ஒரு கணம் நீர்மட்டத்தில் அப்படியே கிடந்தது,
தனக்கு விடுதலை என்று நம்பாததுபோல.
பிறகு இல்லை.

"உன் கை பட்டால் எதுதான் உருப்படும்!"
"மூன்றாம் கியரில் மலை ஏறியவன் பேசுகிறான்!"
"மலையா? இந்த ஊரில் மலை எங்கே இருக்கிறது?"
நாரை கிளம்பிவிட்டது.
இரண்டு வருடத்துக் கணக்கு முழுவதும்
நின்றுகொண்டே கத்தினார்கள்,
படகு ஆடியது,
நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
தூரத்துப் படகில் யாரோ கைதட்டினார்.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோது
டிவிட் வலையின் ஓட்டைகளைப் பார்த்தபடி சொன்னான்:
"எண்ணெய் ஒழுகியது.
தெரியும் எனக்கு."

வெர்லன் வெகுநேரம்
வெறும் முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
"வாளியைத் தள்ளு," என்றான் கடைசியில்.
என்னிடம் அல்ல.

மதியத்துக்குள் இருபத்திரண்டு மீன்.
சோளமாவில் புரட்டி என் வீட்டு முற்றத்தில் பொரித்தோம்.
பெரியதைப் பற்றி இருவரும் பேசினார்கள்,
ஒவ்வொரு முறையும் அது ஓர் அங்குலம் வளர்ந்தது.
பணப் பேச்சு வரவில்லை.
வரும்.

அவர்கள் போனபின் வலையை அலசினேன்.
ஒரு கண்ணியில் ஒற்றைச் செதில் ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்,
போகவில்லை.